மூன்றாவது பெஞ்சில் வசிக்கும் வெர்னெல் டூக்ஸ்

எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியின் வாக்காளர் பதிவு வாரியத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே கவலை: கவுண்டியில் வாக்காளர்கள் இருக்கிறார்களே என்பது. கடை வைத்திருப்பவனுக்கு வாசலில் நாலு பேர் கூடினால் முகம் மலரும். இவர்களுக்கு முகம் சுண்டும்.

அவர்கள் கவலையைத் தீர்க்க எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்த வாக்காளரும் வேறு எந்த வாக்காளர் மீதும் சந்தேகம் கிளப்பலாம். எத்தனை பேர் மீது வேண்டுமானாலும் கிளப்பலாம். செலவில்லை. சந்தேகப்பட்டவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கலாம். சந்தேகத்துக்கு ஆளானவர்தான் வேலையை விட்டுவிட்டு வந்து தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும். நான் பழைய மேஜை நாற்காலி விற்பவன். ஒருவன் என் கடைக்குள் வந்து, ஒன்றும் வாங்காமல், "இது எல்லாம் நாற்காலிதான்னு நிரூபி" என்றால் வாசலைக் காட்டுவேன். வாரியம் அப்படிப்பட்டவனுக்கு உட்கார நாற்காலி போடுகிறது.

ஹார்லன் ஸ்டப்ஸ் அப்படி உட்கார்ந்தவர். நீச்சல் குளம் விற்று ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரில் கவுண்டியின் வரைபடத்தைத் திறந்து, வியாபாரப் பகுதி என்று குறித்த இடங்களில் முகவரி வைத்திருந்த முந்நூற்று எண்பத்தேழு பேரைப் பிடித்தார். வியாபாரப் பகுதியில் வீடு இருக்காது, வீடு இல்லாத இடத்தில் ஆள் இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. டூப்பலோ தெருப் பக்கம் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. வைத்திருந்தால் தெரிந்திருக்கும்: எங்கள் ஆட்கள் முன்னால் கடை வைப்பார்கள், பின்னால் குடியிருப்பார்கள். ஒரே கூரை, ஒரே பூட்டு. அந்த முந்நூற்று எண்பத்தேழு பேரும் நான்காவது தேர்தல் வட்டாரம். அத்தனை பேரும் கறுப்பர்கள். இது தற்செயல் என்று ஸ்டப்ஸ் சொன்னார். வாரியம் உடனே நம்பியது. அவரிடம் மட்டும் ஆதாரம் கேட்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு, டூப்பலோ தெரு. முன்பக்கம் வெர்னெல் டூக்ஸின் சிகை அலங்கார நிலையம். பின்பக்கம் இரண்டு அறை, அதில் அந்த அம்மா குடியிருக்கிறார். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. அவருக்கும் பதிவுத் தபாலில் ஓலை வந்தது: பெயரை எடுத்தாயிற்று, வேண்டுமானால் வந்து நிரூபி என்று.

வேறு வருடமாக இருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ, இந்த வருடம் முடியாது. அவருக்கு ரூத்தான் என்று ஒரு தங்கை; ஊரின் மறுகோடியில் மகன் வீட்டில் இருக்கிறாள். சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு நாற்பது மைல் தள்ளிப் போகிறாள். கவுண்டியின் வேன்தான் கூட்டிப் போகிறது. அந்த வேனை நிறுத்த வேண்டும் என்பவர் கவுண்டி நிர்வாகக் குழுவில் எங்கள் வட்டாரத்துப் பிரதிநிதியான கமிஷனர் கால்வின் லெட்பெட்டர். ஓடட்டும் என்பவர் இந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற டெல்ஃபின் யார்பரோ, முன்னாள் நர்ஸ். போன முறை லெட்பெட்டர் ஜெயித்தது முப்பத்தொரு வாக்கில்.

விசாரணை அன்று வெர்னெல் ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுபோனார். துணைக்கு நானும் கிளாடெட் மிம்ஸும் போனோம். கிளாடெட் ஷைலோ சபையில் அஷர்களின் தலைவி. ஆராதனையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைப்பது, விசிறி கொடுப்பது, தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவது அவர்கள் வேலை. வார நாட்களில் கிளாடெட் பள்ளிப் பேருந்துகளை அனுப்புகிறவர். இருபத்தாறு ஓட்டுநர்களைச் சமாளிப்பவருக்கு வாரியத்தின் ஐந்து பேர் பெரிதாகத் தெரியவில்லை.

"மிஸ் டூக்ஸ், இது சாதாரண நடைமுறை. உங்களை யாரும் குத்தவாளின்னு சொல்லல" என்று ஆரம்பித்தார் வாரியத் தலைவர் ராய்ஸ் பிங்காம். "நிரபராதின்னும் சொல்லல. அதை நீங்கதான் சொல்லணும், ஆதாரத்தோட."

வெர்னெல் மின்சார பில்லை எடுத்து நீட்டினார்.

"இது அந்த இடத்துல விளக்கு எரியுதுன்னு நிரூபிக்குது. விளக்குக்கு ஓட்டு கிடையாது மேடம்."

"தண்ணி பில்லு இருக்கு."

"அது ஷாம்பூ போட்ட தண்ணியா இருக்கலாம்."

"டிரைவிங் லைசென்ஸ்ல அதே அட்ரஸ்தானே போட்டிருக்கு?"

"லைசென்ஸ் நீங்க வண்டி ஓட்டுவீங்கன்னு சொல்லுது. வண்டி ஓட்டுறப்ப நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்களே."

வெர்னெல் பைக்குள் பார்த்தார். இன்னும் ஒன்பது காகிதம் இருந்தது. பையை மூடிவிட்டார்.

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

பிங்காம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தத்துவம் பேசுமுன் அவர் செய்வது அது. "ஒரு மனுஷி எங்க வசிக்கிறாங்க? பில்லு வர்ற இடத்துலயா? இல்ல. தலை சாய்க்கிற இடத்துல. விதி நாப்பத்தொண்ணு. நீங்க அங்க தூங்குறதை எங்க ஆய்வாளர் நேர்ல பாக்கணும்."

"ராத்திரி பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க."

"அலுவலக நேரம் காலையில ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு. நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. அந்த நேரத்துல தூங்கிடாதீங்க, கணக்குல வராது."

கிளாடெட் எழுந்தார். "உங்க வீட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு யாரு சார் தூங்குறாங்க?"

"என் மேல யாரும் சந்தேகப்படல சிஸ்டர்" என்றார் பிங்காம், கனிவாக.

ஆய்வாளர் புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு வந்தார். நாற்காலியில் ஒரு வாடிக்கைக்காரி இருந்தாள், பாதித் தலை பின்னி, பாதித் தலை விரித்து. ஆய்வாளர், முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழ் இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பின்னறைக் கதவைத் திறந்து வைத்து, அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"நீங்க ஆரம்பிக்கலாம்" என்றார்.

வெர்னெல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தார். கண்ணை மூடினார். ஒரு அரசாங்க அதிகாரி மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து இமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தூக்கம் வருமா, முயன்று பாருங்கள்.

"வெர்னெல்! இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு. நான் இப்படியே பஸ் ஏறணுமா?" என்றாள் வாடிக்கைக்காரி.

"சும்மா இருடி, நான் தூங்கிட்டிருக்கேன்!"

ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவருடைய அறிக்கையின் கடைசி வரி இது: "இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கண்காணித்தேன். மேற்படியார் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. அங்கே தூங்கும் வழக்கம் உள்ளவராகத் தெரியவில்லை." மூன்றரை மணிவாக்கில் அந்தச் சூடான நாற்காலியில் ஆய்வாளரே நாற்பது நிமிடம் குறட்டை விட்டார். அது அறிக்கையில் இல்லை.

விதி நாற்பத்தொன்றில் ஓர் உட்பிரிவு இருந்தது. ஆய்வாளர் பார்க்க முடியாவிட்டால், மனுதாரர் தூங்குவதை நேரில் கண்ட இருவர் பைபிளின் மேல் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுத் தரலாம். வெர்னெலோ தனியாக இருப்பவர்.

"ரெண்டு பேருதானே? எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டியாரேன். பாத்தோம்னு எழுதிக் குடுத்துடுவாங்க" என்றேன் நான். சந்தையில் வளர்ந்தவன் புத்தி.

கிளாடெட் என்னைப் பார்த்த பார்வையில் மேஜை வார்னிஷ் உரிந்திருக்கும். "பைபிள் மேல கை வெச்சுப் பொய்யா? பிரதர் அமோஸ், அந்த பிங்காம் ஐயா செய்யறதை நாமளும் செஞ்சா அவரை எதுக்கு வையணும்? பாத்தவங்க இருப்பாங்க. நான் கேட்டுப் பாக்குறேன்."

கேட்டார். வீடு வீடாக அஷர்கள் போனார்கள். ஒருவர்கூடப் பொய் எழுதவில்லை. எல்லோரும் கண்டதை மட்டுமே எழுதினார்கள். கிளாடெட் அந்தக் காகிதங்களைக் கட்டாகக் கட்டி நேராக வாரியத்தில் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒருமுறை காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இரண்டாவது விசாரணையில் பிங்காம் அந்தக் கட்டைப் பிரித்தபோது அவர் முகத்தில் தீபாவளி. கிறிஸ்துமஸ் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவ்வளவு பட்டாசு கிறிஸ்துமஸுக்கு வெடிக்காது. சத்தமாகவே படித்தார்.

"'மூணாவது பெஞ்சு, இடது ஓரம். பிரசங்கம் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல கண்ணு சொருகிடும். கடவுள் சாட்சி.' அடுத்தது. 'மூணாவது பெஞ்சு. வாய் லேசாத் தெறந்திருக்கும். நானே மூணு தடவை தட்டி எழுப்பியிருக்கேன்.' இப்படி அறுபத்திநாலு பேரு."

"அறுபத்திநாலா?" வெர்னெல் கிளாடெட்டின் பக்கம் திரும்பினார்.

"எழுபது பேரு ரெடியா இருந்தாங்க சிஸ்டர்" என்றார் கிளாடெட் தாழ்ந்த குரலில். "ஆறு பேரு அந்த நேரத்துல அவங்களும் தூங்கிட்டாங்களாம். அதனால சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டாங்க."

பிங்காம் மேஜையைத் தட்டினார். "வாரியம் எளிய மக்களோட வார்த்தையை மதிக்கிற வாரியம். நீங்க தூங்குறீங்கங்கிறதை முழுமனசா ஏத்துக்கறோம். நீங்க வசிக்கிறது ஷைலோ சபை, மூணாவது பெஞ்சு. அது ரெண்டாவது வட்டாரத்துல வருது. உங்க பேரை அங்க மாத்தியாச்சு. வாழ்த்துகள்."

"சர்ச்சுல எப்படிங்க குடியிருப்பாங்க? அடுப்பு இல்ல, மெத்தை இல்ல..."

"விதியில அடுப்பைப் பத்தி ஒண்ணும் இல்ல மேடம்."

பின்வரிசையில் ஸ்டப்ஸ் கைதட்டினார். மீதி முந்நூற்று எண்பத்தாறு பேருக்கும் இதே முறையில் நீதி வழங்கப்படும் என்று பிங்காம் அறிவித்தார். பட்டியலை இறுதி செய்ய வெள்ளி மாலை ஐந்து மணி கெடு. அன்று திங்கள்.

வெளியே வந்ததும் வெர்னெல் காரில் ஏறவில்லை. பையை என் கார் கூரைமேல் வைத்துவிட்டு நின்றார். "முப்பத்தொரு ஓட்டுல போச்சு போன தடவை. நான் அந்தப் பக்கம் போய் ஓட்டுப் போட்டு என்ன பிரயோசனம்? ரூத்தானுக்கு என்ன பதில் சொல்லுவேன்? சர்ச்சுல தூங்கிட்டேன், அதனால உனக்கு வேன் போச்சுன்னா?"

கிளாடெட் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "நான்தான் கெடுத்தேன்."

எனக்கு அப்போது கடை ஞாபகம் வந்தது. விவரமான வாடிக்கையாளன் நேராக வந்து தனக்கு வேண்டிய அலமாரியின் விலையைக் கேட்க மாட்டான். நான் விற்க விரும்பாத ஒன்றை, எங்கப்பாவின் மேஜையை, கட்டிப்பிடித்துக்கொண்டு விலை பேசுவான். எனக்கு வேர்க்கும். அதை விட்டுத் தொலையட்டும் என்று அலமாரியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்து அனுப்புவேன்.

"ரெண்டாவது வட்டாரத்துக் கமிஷனர் யாரு?" என்று கேட்டேன்.

"டுவைட். பிங்காமோட மச்சான். அவருதானே இவரை வாரியத்துல உக்கார வெச்சதே" என்றார் கிளாடெட், மூக்கைத் துடைத்தபடி.

"போன தடவை எத்தனை ஓட்டுல ஜெயிச்சாரு?"

"நாப்பது. இந்தத் தடவையும் நிக்கிறாரு."

"நம்ம சபையில நாலாவது வட்டாரத்துக்காரங்க, பிரசங்கத்துல தூங்குறவங்க, எத்தனை பேரு இருப்பாங்க?"

கிளாடெட் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். தட்டி எழுப்புவதே வேலையாக இருப்பவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "இருநூத்திப் பன்னெண்டு" என்றார். பிறகு, "பாடகர் குழுவைச் சேக்கல."

"ஐயோ, எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டா இங்க யாரு யார்பரோவுக்குப் போடுறது?" என்றார் வெர்னெல்.

"நாம வாங்கப் போறதில்ல சிஸ்டர். விலைதான் கேக்கறோம்."

மனுவைக் கிளாடெட்டே எழுதினார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. "கீழே கையெழுத்திட்டுள்ள நான் ஷைலோ சபையில் தூங்குகிறேன். கண்டவர்கள் இருவரின் சத்தியம் இணைப்பில். வாரியத்தின் திங்கட்கிழமைத் தீர்ப்புப்படி நான் எந்த வட்டாரத்தில் வசிக்கிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்."

சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஒரே சிக்கல் பாஸ்டர் ஹிக்ஸ். விஷயம் கேள்விப்பட்டு முகம் தொங்கிவிட்டது.

"இருநூத்திப் பன்னெண்டு பேரா? என் பிரசங்கத்துலயா?"

"எல்லாரும் ஒரே வாரம் இல்ல பாஸ்டர்" என்றார் கிளாடெட். "முறை வெச்சு."

பாஸ்டர் மனுக்கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார். "இருபத்திரெண்டு வருஷமா மேடையிலேர்ந்து பாத்துட்டுத்தானே இருக்கேன். என்னை விட்டா வேற யாரு நல்ல சாட்சி? கொண்டா. எல்லாத்துலயும் போடுறேன்."

புதன்கிழமை காலை வாரிய அலுவலகத்தில் வரிசை. வெள்ளைக் கையுறை போட்ட அஷர்கள் ஆட்களை ஒவ்வொருவராக ஜன்னலுக்கு அனுப்பினார்கள். குமாஸ்தா மிஸ் ப்ரூயிட் முத்திரை குத்திக் குத்தி, மை தீர்ந்து, பக்கத்து அலுவலகத்தில் மை இரவல் வாங்கினார். பதினொரு மணிக்குத் தலைவரின் மச்சான் வந்தார். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு சாத்தியிருந்தும் எங்களுக்குக் கேட்டது: "நாப்பது, ராய்ஸ்! நாப்பதே நாப்பது!"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவசரக் கூட்டம். மச்சான் முதல் வரிசையில், கழுத்துவரை சிவந்து. பிங்காம் கண்ணாடியைத் துடைத்தார்.

"தூக்கம் ஒரு புனிதமான, தனிப்பட்ட விஷயம். ஒரு குடிமகனோட படுக்கையறையில அரசாங்கம் எட்டிப் பாக்கக் கூடாதுங்கிறதுல இந்த வாரியம் ஆரம்பத்துலேர்ந்தே உறுதியா இருந்திருக்கு. வசிப்பிடம்னா கரண்ட் பில்லு எங்க வருதோ அதுதான். சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

"விளக்குக்கு ஓட்டு இல்லன்னு சொன்னீங்களே?" என்றார் வெர்னெல்.

"விளக்கை யாராவது போடணும் இல்லியா மேடம்? அதைத்தான் அன்னிக்கும் சொல்ல வந்தேன்."

"அப்ப அந்த முந்நூத்தி எண்பத்தேழு பேரு?" என்று கிளாடெட் கேட்டார். "சிஸ்டர் வெர்னெலுக்கு மட்டும்னா நாங்க மனுவைத் திரும்ப வாங்கப் போறதில்ல."

மச்சான் இருமினார்.

"எல்லாரும்தான். எல்லாரும்தான்" என்றார் பிங்காம்.

ஸ்டப்ஸ் எழுந்து நின்றார். குரல் உடைந்திருந்தது. "நான் ஆறு வாரம் கண்ணு வலிக்கக் கண்டுபுடிச்சுக் குடுத்தேனே!"

"மிஸ்டர் ஸ்டப்ஸ், உங்க தேசபக்தியை வாரியம் மறக்காது. அடுத்த வருஷம் வாங்க."

பெயர்கள் திரும்ப ஏறின. ஆனால் சேதி போய்ச் சேர வேண்டுமே? பெயரை எடுக்கும் ஓலை பதிவுத் தபாலில் இரண்டே நாளில் வந்தது. பெயரைச் சேர்த்த ஓலை சாதாரணத் தபாலில், முப்பது வேலை நாட்களுக்குள் அனுப்பப்படும் என்றார்கள். தேர்தலுக்கு இருந்ததோ பதினெட்டு நாள். கிளாடெட் தபாலுக்குக் காத்திருக்கவில்லை. பட்டியலை வாங்கி, பெஞ்சு பெஞ்சாக ஆள் பிரிப்பதுபோலத் தெருத் தெருவாகப் பிரித்தார். வெர்னெலுக்கு நாற்பத்தொரு கதவு. மாலை நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

சில கதவுகள் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஆள் குடிபெயர்ந்து போயிருந்தார். பழைய ரேடியேட்டர் கடைக்குப் பின்னால் இருக்கும் கிளியோஃபஸ் பேங்க்ஸ், வலைக்கதவைத் திறக்காமலே பேசினார். நானும் கூட நின்றேன்.

"என் பேரு இல்லன்னு கவர்மெண்டு முத்திரை குத்தி அனுப்பியிருக்கு. ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன்."

"இப்ப இருக்குன்னு நான் சொல்றேன் மிஸ்டர் கிளியோஃபஸ்."

"உங்கிட்ட முத்திரை இருக்கா?"

"இல்ல."

"அப்பறம்? அங்க போயி நின்னு, அவங்க இல்லன்னு சொல்லி, நான் எல்லாரும் பாக்கத் திரும்பி வரணுமா? எழுபத்தொரு வயசுல?"

"உங்க வீட்டம்மாவுக்கு இருபது வருஷம் நான்தான் முடி பின்னினேன். ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருக்கே. அந்தச் செம்பட்டைக் கலரு அவளுக்கு எடுப்பா இருக்குன்னே."

"அது வியாபாரம். இது ஓட்டு. கூட நான் வர்றேன். இல்லன்னு சொன்னா ரெண்டு பேரும் சேந்து திரும்பி வருவோம்."

கிளியோஃபஸ் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கொக்கியை எடுத்தார். "எத்தனாந் தேதி?"

யார்பரோ பத்தொன்பது வாக்கில் ஜெயித்தார். சந்தேகத்துக்கு ஆளான முந்நூற்று எண்பத்தேழு பேரில் இருநூற்றுச் சொச்சம் பேர்தான் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். மீதிப்பேரில் பலர் முதல் ஓலையை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த அளவில் வாரியம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

முடிவை உறுதி செய்யும் கூட்டம் பத்து நாள் கழித்து. பிங்காம் எண்களைப் படித்தார், மீன்முள்ளை விழுங்குகிறவர் மாதிரி. பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு குடிமகனுக்குச் சந்தேகம் வந்தது, வாரியம் விசாரிச்சது, நீதி கிடைச்சது. இந்த அமைப்பு எவ்வளவு அழகா வேலை செய்யுதுன்னு நாட்டுக்கே நாம காட்டியிருக்கோம். பொதுமக்கள் யாராவது நாலு நல்ல வார்த்தை பேசறதுன்னா பேசலாம். ஆளுக்கு மூணு நிமிஷம்."

வெர்னெல் எழுந்து ஒலிவாங்கி முன் போனார். கிளாடெட் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடத்தில் வெர்னெல் வாரியத்தை என்ன பாடு படுத்தப்போகிறார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

"முதல்ல பேரும் அட்ரஸும் சொல்லுங்க மேடம்" என்றார் மிஸ் ப்ரூயிட், வழக்கப்படி. "குறிப்பேட்டுக்காக."

"வெர்னெல் டூக்ஸ். நானூத்திப் பன்னெண்டு, டூப்பலோ தெரு, பின்பக்கம்."

மிஸ் ப்ரூயிட் எழுதினார். பிங்காம் காத்திருந்தார்.

"பேசுங்க மேடம். நேரம் ஓடுது."

"பேசியாச்சு. எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டேன் மேடம்" என்றார் மிஸ் ப்ரூயிட்.

"படிச்சுக் காட்டுங்க. சத்தமா."

மிஸ் ப்ரூயிட் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேஜையைப் பார்த்தார். "வெர்னெல் டூக்ஸ்" என்று மிஸ் ப்ரூயிட் படித்தார். "நானூற்றுப் பன்னிரண்டு, டூப்பலோ தெரு."

"பின்பக்கம் விட்டுப்போச்சு."

மிஸ் ப்ரூயிட் பேனாவைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து, எழுத ஆரம்பித்தார். வெர்னெல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாரியத்தின் ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.